மிச்சம்

சனிக்கிழமை காலை
வாஷிங் மெஷின் தன் தண்ணீரைத் துப்ப,
கீழ்த்தளக் கழிவறை ஏப்பம் விட்டது.
பிறகு குளியல் தொட்டிக்குள்
ஒரு சோற்றுப் பருக்கை ஏறி வந்தது,
வியாழன் இரவு நாங்கள் தின்ற சோறு.

வினிகர் ஊற்றினோம், சோடா மாவு போட்டோம்,
தமிழ்க்கடையில் விற்ற நீலத் திரவம்,
மூன்று கேத்தில் கொதிநீர்,
ரப்பர்க் கிண்ணத்தால் நூறு குத்து.
வட்டிக்குக் கொடுத்தவன் வாசலில் இருப்பதுபோல்
அது அசையாமல் உள்ளே இருந்தது.

ஞாயிறு, மச்சான் வசீகரன்
இரவல் கம்புகளோடு வந்தான்.
"வலப்பக்கம்தான் திருகவேணும்,
இடப்பக்கம் திருகினால் கழன்று
உள்ளேயே நின்றுவிடும்."
சொன்னவனே இடப்பக்கம் திருகினான்.
இரண்டு கம்புகள் போயின.
அடைப்புக்கு இப்போது
முதுகெலும்பும் இருந்தது.

தண்ணீர்க் கம்பனிக்குப் போன் எடுத்தேன்.
ஊர் எது என்று கேட்டாள்.
மிச்சம், என்றேன்.
அவளுக்கு அது வெறும் ஊர்ப்பெயர்.
"உங்கள் வீட்டுக்கு மட்டும் ஓடும் குழாய்
உங்கள் எல்லைக்குள் உங்களுடையது.
அயலாரின் குழாயோடு சேரும் இடத்திலிருந்து
எங்களுடையது."
எல்லையைப் பற்றி யாரும் எனக்கு
இவ்வளவு இனிமையாகச் சொன்னதில்லை.

வேலியோரத்து மூடியைக் கிளப்பிப் பார்த்தேன்.
பக்கத்து வீட்டுத் தண்ணீர்
சவர்க்கார நுரையோடு
வேலைக்குப் போகிறவரைப் போலப் போய்க்கொண்டிருந்தது.
ஒன்றரை மீற்றர் இந்தப் பக்கம்
எங்களுடையது நின்றது.

திங்கள், கோஸ்மின் வந்தார்.
வானுக்குள் ஒரு தண்ணீர்ப் பீரங்கி,
கயிற்றின் நுனியில் ஒரு கமரா.
முதலில் கம்புகளை இழுத்தெடுத்து
புல்லில் போட்டார், ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு சின்னத் திரையில்
எங்கள் வீட்டின் குடல் ஓடியது.
யாரோ எப்போதோ நட்ட லைலாக் மரம்
மண்குழாயின் மூட்டுக்குள் தலைமயிரை விட்டிருந்தது.
அதைப் பிடித்துக்கொண்டு
வெள்ளையாய் உறைந்த தேங்காயெண்ணெய்,
கழுவிவிடலாம் என்று பெட்டியில் எழுதியிருந்த ஈரத்தாள்கள்,
அப்புறம் சின்னச் சின்னதாய் ஏதோ.
"ஃபில்ட்டர்," என்றார் கோஸ்மின். "சிகரெட்."
சுபத்திரா திரையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
திரும்பவும் திரையைப் பார்த்தாள்.
நான் புகைப்பதை விட்டு
வருகிற மாதம் நான்கு வருடம்.

பீரங்கி அடித்தது.
தொட்டியில் நின்றதெல்லாம்
ஒரே மூச்சில் இறங்கியது.
கோஸ்மின் கையுறையைக் கழற்றி
தேநீர் கிடைக்குமா என்றார்.

ஊரில் இந்த வேலைக்கு வந்தவருக்கு
எங்கள் வீட்டில் பெயர் இருக்கவில்லை.
வாளி இருந்தது, பின்பக்கத்து வழி இருந்தது,
வேலியில் கவிழ்த்த சிரட்டை இருந்தது.

என் கை தானாகவே
அலுமாரியின் மேல்தட்டுக்குப் போனது,
மகளின் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய
காகிதக் கோப்பைகளுக்கு.
அதைப் பார்க்க
எனக்குக் கமரா தேவைப்படவில்லை.
திரும்பினால், சுபத்திரா அதற்குள்
என்னுடைய கோப்பையில் ஊற்றிவிட்டிருந்தாள்.
மூன்று சீனி போட்டுக் குடித்தார்.

இருநூற்று நாற்பது பவுண்ஸ்.
பற்றுச்சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்:
"குழாய்க்குள் இருந்ததைத்தான் வெட்டினேன்.
திரும்ப வரும்.
வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள்."

இரவு டோர்ச்சோடு போய்
வேலியோரத்து மூடியைத் திறந்து குந்தினேன்.
பதினேழாம் இலக்கத்தில் யாரோ
பல் விளக்கிய தண்ணீர் போனது.
பின் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
சட்டைப்பையில் பெட்டி உறுத்தியது,
அதற்குள் இன்னும் இரண்டு.
மேலே கழிவறை யன்னல் வெளிச்சமானது.
"இழுத்துவிட்டன்," என்றாள். "வருதா?"
குழாயின் வாயில் டோர்ச்சைப் பிடித்தேன்.
"பொறு," என்றேன்.
"பொறு."
"வருது."