ஈரக் கையுறை

பெர்கனில் மழை விட்டு நாளாயிற்று.
படகுச் சீட்டுச் செயலிக்குப் பதினோராவது முறையாக
ஒரு பொத்தான் வரைந்திருந்தாள் சுன்னிவா.

மூன்று குளிர்காலம்
பிறர் செய்த திரைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவள்,
வங்கி, வானிலை, ரொட்டிக்கடை, எதையும் விடவில்லை.
கண் தேறிவிட்டது.
ஒரு புள்ளி விலகினாலும்
பல்லிடுக்கில் நார்போல் உறுத்தும்.

செவ்வாயன்று படகில் ஏறிப் போனோம்.
சீட்டுப் பார்க்கும் எஸ்கில்
சொட்டும் ரப்பர்க் கையுறையோடு அழுத்தினான்.
பக்கத்துப் பொத்தான் விழித்தது.
கையுறையைப் பல்லால் கடித்து உருவினான்,
விரலைக் காற்சட்டையில் துடைத்தான்,
மறுபடி அழுத்தினான்.
ஏற்றதா இல்லையா, திரை வாய் திறக்கவில்லை.
பின்னால் பதினான்கு கார்கள் உறுமின.
"என் விரல் தடிமன்" என்றான்
மன்னிப்புக் கேட்கிற குரலில்.

விளக்கம் சொல்ல எழுந்த நாக்கை
அண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொண்டாள்.
குறிப்பேட்டில்: நான்கு விநாடி.
கொஞ்சம் கழித்து அதை அடித்துவிட்டு:
நான்கு விநாடி, ஒரு மன்னிப்பு.

மறுநாள் அலுவலகத்தில்
குழாயில் நனைத்த கையுறையோடு உட்கார்ந்தாள்.
மேசையெல்லாம் தண்ணீர். ஹல்வார் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை,
பொத்தானடியில் அந்த மெல்லிய நிழலுக்கு
அவள் ஒரு வாரம் கொடுத்திருந்தாள்.
அதைத்தான் முதலில் அழித்தாள்.
பொத்தான் துடுப்புப்போல் அகன்றது.
அழகில்லை.
தொட்டதும் கருவி ஒருமுறை அதிரும்,
கேட்டுவிட்டேன் என்று தலையாட்டுவதுபோல்.

வெள்ளியன்று எஸ்கில்
கடலைப் பார்த்தபடியே அழுத்தினான்,
யாரோடோ மீன் விலை பேசிக்கொண்டு.
திரைப்பக்கம் திரும்பவே இல்லை.

சுன்னிவா என் கையைக் கிள்ளினாள்.
நன்றாகவே வலித்தது.