மெய் தவறும் காது

பிழை ஒரு சொல்லில்தான் பிடிபட்டது.
சாட்சி சொன்னது "கதவைத் தட்டினேன்".
நான் தட்டெழுதியது "கதவைக் கட்டினேன்".
சட்டத்தரணி தர்மகுலராஜா தொலைபேசியில் சிரித்தார்:
"மாட்டைக் கட்டலாம், பிள்ளை."
மூன்று தரம் திரும்பக் கேட்டேன்.
எனக்கு விழுந்தது
அட்டினேன், அட்டினேன், அட்டினேன்.
முன்னால் நின்ற எழுத்தை
யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள்.

நாரஹேன்பிட்டியில் ஒரு குளிர்ந்த கூண்டுக்குள் இருத்தி
விதானகே மிஸ் பொத்தானைக் கையில் தந்தாள்.
கேட்டால் அமத்துங்கள்.
கேட்காததற்கும் இரண்டு தரம் அமத்தினேன்.
சோதனையில் தோற்கப் பயந்த பழைய குணம்.

தாளில் வந்த கோடு
கல்கிசையிலிருந்து கோட்டைக்குப் போகும் கோச்சிபோல
கடலோரம் நேராக வந்து
நாலாயிரத்தில் தடம் விட்டுத்
தண்ணிக்குள் இறங்கியிருந்தது.
அவள் சிங்களத்தில் சொன்னதை
மனதுக்குள் தமிழாக்கினேன்:
உயிர் கேட்கும். மெய் தவறும்.
வழக்குகளை எழுத்தாக்கிப் பிழைக்கிறவளுக்கு
இப்படியும் ஒரு வருத்தம்.

பதினொரு வருசம், நூறாம் இலக்க பஸ்.
சாரதியின் பாட்டுக்கு மேலே என் பாட்டு,
அதற்கு மேலே காலி வீதி ஹோர்ன்,
அதற்கும் மேலே என் பெருவிரல்,
புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய
முந்நூறு ரூபாய்க் குமிழிரண்டு.
உள்ளே நுண்ணிய மயிர்கள் உண்டாம்,
உதிர்ந்தால் முளைக்காதவை.
ஒன்றும் நோகவில்லை.
நொந்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

பம்பலப்பிட்டியில் இரண்டாம் மாடிக் கடை.
"பேஸ் அடிச்சா நெஞ்சே அதிரும் அக்கா," என்றான் இல்ஹாம்.
நெஞ்சு கிடக்கட்டும் தம்பி என்றேன்.
சோதிக்கப் பாட்டு ஒன்றும் கொண்டுபோகவில்லை;
மதனராசன் அனுப்பிய ஒலிக்குறிப்பு இருந்தது:
கத்தரிக்காய், பயற்றங்காய், தேசிக்காய், கொத்தமல்லி.
ஏழு ஹெட்போனில் ஏழு புருசன்.
ஒன்றில் கிணற்றுக்குள் நின்று பேசினான்.
ஒன்றில் தேசிக்காயின் சி
குக்கர்போல விசிலடித்தது.
முதுகு திறந்த ஒன்றில் மட்டும்
கொத்தமல்லிக்குப் பின்னால் சந்தையே விரிந்தது,
யாரோ சில்லறை எண்ணினார்கள்.
அதைக் கழற்ற மனமில்லை.

ஆனால் என் வீடு தண்டவாளத்துக்கு முப்பது அடி.
திறந்த கதவால் சத்தம் வெளியே போகிற மாதிரி
உள்ளேயும் வரும்.
கோச்சியோடு போட்டி, மறுபடி பெருவிரல்,
மறுபடி நூறாம் இலக்கம்.

மூடியதையே எடுத்தேன்.
மண்ணிறம், அழகில்லை,
காதை நெரிக்காமல் சுற்றி உட்கார்கிற மெத்தை,
மூன்று மாதத் தவணை.
"இடது பக்கம் மட்டும் கூட்டலாம் அக்கா,"
இல்ஹாம் உற்சாகமாகக் காட்டினான்.
மிச்சம் இருக்கிறதையும் கரைக்கச் சொல்கிறான், பாவம்.
தொடவில்லை.

இப்போது விடியப்புறம்,
தெரு வாய் திறக்க முன்
சத்தத்தை வைக்கிற இடத்தில் வைத்துப்
பென்சிலால் ஒரு கோடு.
அதைத் தாண்டுவதில்லை.
கோச்சி வந்தால் பதிவை நிறுத்திக்
கையை மடியில் வைத்திருப்பேன்.
கடைசிப் பெட்டியும் போனபின்
சாட்சி விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.
அவருக்கும் அவசரமில்லை, வழக்கு ஒன்பது வருசமாக நடக்கிறது.

ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கழற்றுவேன்.
காதோரம் வியர்வை. யன்னலில் உப்புக் காற்று.
வாங்கியதால் ஒன்றும் திரும்பவில்லை,
அந்தப் பள்ளம் அதே இடத்தில்தான்.
குசினியிலிருந்து மதனராசன் கேட்கிறான்:
ஏத்தண்ணி வேணுமா?
விழாத எழுத்தை நானே முன்னால் வைத்து
ஓம் என்கிறேன்,
சீனி குறைவாக.