பாலம் தாண்டுமுன்

ஆறு வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டேன்.
பிள்ளைகள் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.
நாய் என்றதும் ஒருவர் இருமினார்.
ஒருவர், வேறொரு அழைப்பு வருகிறது என்றார்,
இன்னும் வந்துகொண்டேயிருக்கிறது போலும்.
ஏழாவது வீடு பாகான் ஆஜாமில்.
அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று:
கதவைக் கடிக்குமா?
பல் நாலுதான் மிச்சம் என்றேன்.
வரச் சொல்லிவிட்டார்.

தவுக்கே என்று பெயர். முதலாளி என்று அர்த்தம்.
ஜெலுத்தோங் சந்தை மீன்கடைக்காரர் கையில் தந்தபோது
ஒரு செருப்பளவுதான்,
அப்போதே அந்த நடை.
இப்போது பதினான்கு வயது.
இரண்டு கண்ணும் வெந்த மீனின் கண்போல வெள்ளை.
ஆனால் இந்த வீட்டுக்குள் அது குருடில்லை.
கேட்டிலிருந்து ஒன்பது அடி, ஒரு படி,
சோபாவைச் சுற்றி வலப்பக்கம் ஒரு வளைவு,
சமையலறை வாசலில் நின்று
இன்று என்ன குழம்பு என்று விசாரணை,
பிறகு தண்ணீர் மங்கு.
விருந்தாளி யாராவது நாற்காலியை நகர்த்தினால்தான்
தனக்குக் கண் தெரியாதென்பது
அதற்கே ஞாபகம் வரும்.

குணாளனுக்கு பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
விடியற்காலை வந்தவன் பேட்ஜைக்கூடக் கழற்றாமல்
என் கைக்குட்டையைக் கண்ணில் கட்டிக்கொண்டு
நாலு காலில் தவழ்ந்தான்.
“மூணு... நாலு... எழுதிக்கோ.”
மின்சார பில் வந்த உறையின் முதுகில் எழுதினேன்.
பின்னாலேயே தவுக்கே,
வீட்டுக்குப் புது நாய் வந்திருக்கிறதோ என்று
அவன் குதிகாலை முகர்ந்தபடி.

பூனைக்கு யோசனை சொன்னது பக்கத்து வீட்டுக் காக் சுரயா:
சாக்கில் போட்டுக் கொண்டு போ,
வழி தெரிந்தால் திரும்பிவிடும்.
எப்படித் திரும்பும்?
போவதற்கு இலவசம், தீவுக்குள் வருவதற்குத்தான் டோல்.
பெலாச்சானிடம் ஏது காசு.
அது அதற்குள்
‘சமையலறை, உடையும்’ என்று எழுதிய பெட்டியில்
படுத்துவிட்டது.
மூன்று முறை தூக்கி வெளியே விட்டேன்.
நான்காவது முறை
தட்டுகளை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு
‘உடையும்’ என்பதை ‘உடைக்கும்’ என்று திருத்தினேன்.

இரண்டு ஞாயிறு காரில் ஒத்திகை.
மிருக வைத்தியர் தந்த அரை மாத்திரை,
பாலத்தின் வாய்வரை போய்த் திரும்புவோம்.
ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்து
கடலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தது தவுக்கே.
வாந்தி முதல் ஞாயிறு மட்டும்.

டேப்பும் உறையுமாகப் புது வீட்டுக்குப் போனோம்.
கேட்டிலிருந்து ஒன்பது. சரி.
ஒரு படி. சரி.
உள்ளே போனால் சமையலறை இடப்பக்கம்.
கண்ணாடியில் தெரியும் நம் வீடு.
குணாளன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
தலைகீழாகப் பிடித்தால் சரியாகிவிடும் என்பதுபோல.
பிறகு காருக்குப் போய்
தவுக்கேயின் துவைக்காத துண்டை எடுத்துவந்து
சுவரோரமாக, முழங்கால் உயரத்தில்,
சமையலறைவரை தேய்த்துக்கொண்டே போனான்.
துடைக்கிறீர்களா, நல்ல பிள்ளைகள்,
என்றார் வீட்டுக்கார அம்மாள்.
ஆமாம் என்றேன்.

இன்று சாயந்திரம் லோரியின் முதல் நடை போயிற்று.
கட்டில், அலமாரி, சோபா எல்லாம் அக்கரையில்.
நாளைக்கு நாங்களும் சட்டிபானையும் பூனைப்பெட்டியும்.
ராத்திரி பதினொன்று.
வெறும் தரையில் நகங்கள் டக் டக் என்கின்றன.
ஒன்பது அடி. படி.
சோபா இருந்த இடத்தைச் சுற்றி
வலப்பக்கமாக வளைந்து,
ஒரு மயிரும் உரசாமல்
போகிறது தவுக்கே.

தேத்தண்ணி மக்கோடு எழுந்த நானும்
வளைந்துதான் போனேன்.

பெலாச்சான் மட்டும்
பெட்டியிலிருந்து இறங்கி, சோம்பல் முறித்து,
சோபாவின் நட்டநடுவே
நேராக நடந்து போனது.