எஸ் இழுப்பறை

இரவு இரண்டு பதினேழு. அச்சுப்பொறி இருமியது.
வயோமிங்கிலிருந்து கேள்வி:
ஷ்ராம், ரூபன் டேல். பிறப்பு எழுபத்தொன்று, மார்ச் நான்கு.
உங்கள் மாவட்டத்துப் பிடியாணை
இன்னும் உயிரோடு இருக்கிறதா?
உறுதிசெய்யவும். பத்து நிமிடம்.

இப்படித்தான் கேட்பார்கள், உயிரோடு இருக்கிறதா என்று.
ஆளைப் பற்றி அல்ல, தாளைப் பற்றி.

நாடு முழுக்க ஒரே குளம் என்றார்கள் பயிற்சியில்.
எல்லா மாநிலத்து வாய்க்காலும் வந்து விழும் குளம்.
எவர் எங்கே வலை வீசினாலும்
நாம் தவறவிட்ட மீன் அகப்படும்.
தூர் வாருவது யார் என்று நான் கேட்கவில்லை.
மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது.

தொலைபேசியில் அந்தப் பக்கத்துப் பெண். குரலில் தூக்கமே இல்லை.
பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று நிறுத்தினார்களாம்.
வண்டி எண்ணைத் தட்டினால் சொந்தக்காரர் பெயர்,
பெயரைத் தட்டினால் நெப்ராஸ்கா, நான்.
பின்னால் இழுவண்டியில் பதினான்கு கன்றுக்குட்டிகள்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
ஆள் சாந்தமாகத்தான் இருக்கிறார், என்றாள்,
கன்றுகளைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

திரையைப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது. அது விதி.
திரை கைகாட்டும்; சாட்சி சொல்வது கோப்பு.
சாவிக்கொத்தோடு கீழ்த்தளத்துக்கு இறங்கினேன்.

எஸ் இழுப்பறை எப்போதும் பாதியில் சிக்கும்,
முழங்காலால் ஓர் இடி இடித்துத் தூக்கி இழுக்க வேண்டும்.
ஷ்மிட், ஷ்மிட், ஷ்மிட், ஷ்னைடர்,
ஷ்ராம்.
வெளிர்பச்சை அட்டை. தீவனக் கடைக்குச் செல்லாத காசோலை,
நூற்றுப் பதினெட்டு டாலர். வாய்தாவுக்கு வரவில்லை.
அண்டை மாநிலத்தில் அகப்பட்டால் அழைத்துவருவோம் என்று ஒரு குறிப்பு.
அதற்குப் பின்னால், துருப்பிடித்த ஊக்கில், ரோஸ் நிறச் சீட்டு:
பணம் கட்டியாயிற்று. ஆணை திரும்பப் பெறப்பட்டது.
பதிவிலிருந்து நீக்கவும்.
தேதி, பதினோரு வருடத்துக்கு முந்தைய அக்டோபர்.
பெற்றுக்கொண்டவர் என்ற கோட்டின் மேல்
எல். வி.

எல் எழுதும்போது எனக்கு அடியில் ஒரு சுழி விழும்.
விழுந்திருந்தது.

அந்த அக்டோபரில் என்ன நடந்தது என்று யோசித்தேன்.
யாரும் சாகவில்லை. எனக்குக் காய்ச்சல்கூட இல்லை.
சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தோம், அவ்வளவுதான்.
அதன் பிறகு வருடந்தோறும் சரிபார்ப்புப் பட்டியல் வந்தது.
வருடந்தோறும் இவர் பெயருக்கு நேரே
ஆணை நடப்பில் உள்ளது என்று டிக் அடித்திருக்கிறேன்,
இந்த இழுப்பறையை இடிக்காமலே.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
கைவிலங்குக்கு உதவும்.

மேலே வந்து ரிசீவரை எடுத்தபோது ஒன்பதாவது நிமிடம்.
உயிரோடு இல்லை, என்றேன். விட்டுவிடுங்கள்.
பிழை எங்கள் பக்கம்.
'எங்கள்' என்ற சொல்லுக்குள்தான் எத்தனை பேர் ஒளியலாம்!
யார் சொன்னதாகப் போடட்டும், என்றாள்.
லோர்னா வெசலி. எழுத்துக் கூட்டிச் சொன்னேன்,
எல்லிலிருந்து.

ஒலிவாங்கியை அழுத்தும் சத்தம். பனியில் நிற்கும் யாரிடமோ
ஏதோ ஓர் எண்ணைச் சொன்னாள். இணைப்பு போயிற்று.
கன்றுகளைக் கேட்க மறந்துவிட்டேன்.

நீக்கு என்று தட்டினேன். நிச்சயமா என்றது திரை.
ரோஸ் சீட்டை ஒளிநகல் எடுத்து
ஷெரிஃபின் பெட்டியில் போட்டேன், மேலே என் பெயரெழுதி.
இந்த மாதப் பட்டியல் மேசையில் கிடந்தது,
இருநூற்று நாற்பது பெயர்,
நூற்றுப் பன்னிரண்டுவரை நேற்றே டிக்.
பேனா மூடியைத் திறந்தேன். மூடினேன்.

கீழே, ஏ இழுப்பறை சிக்கவில்லை.
அது எப்போதும் லேசாகத் திறக்கும்.
ஆபெர்க், ஆப்பிள்கேட், ஆர்ன்ட்.
ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திருப்பி
ஊக்கு இருக்கிறதா என்று விரலால் தடவினேன்.