பிசைபவள்

மணி இரண்டே முக்கால்.
லௌத் நகரத்தில் விழித்திருப்பது
நானும் ஈஸ்ட்டும்தான்.
ஆம்ப்ரோஸ் மாடியில் தூங்குகிறான்,
கல்லாச் சாவி இடுப்பில்,
தூக்கத்திலும்.

மாவு இன்று எழவில்லை.
எங்கள் பக்கத்தில் எழாத மாவை ‘சேட்’ என்போம்.
துக்கம் பிடித்த மாவு.
இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறேன்,
மாவுக்கு என்ன துக்கம் என்று
ஒரு நாளும் கேட்டதில்லை.

கேட்க வைத்தது செவ்வாய்க்கிழமை.
நூலகத்து மேல்மாடியில் பழைய ஆங்கிலம்
சொல்லித்தருகிறார்கள்;
ஹீட்டர் பழுது, அதனால் கட்டணம் பாதி.
மாட்டு வைத்தியர் ஒருவர்,
ஒரே குடையில் வரும் சகோதரிகள் இருவர்,
மழைக்கு ஒதுங்கி அப்படியே தங்கிவிட்ட
தபால்காரர் பெவிஸ்.
மிஸ் ஸ்கிப்வித்துக்கு என் வயதில் பாதிதான்.
எந்நேரமும் ஜலதோஷம்.

முதல் வாரம் எங்கள் தெருவிலேயே தொடங்கினாள்.
அப்கேட்.
வெளியூர்க்காரர்கள் வந்து வாயில் எங்கே என்பார்கள்.
வாயிலே கிடையாது.
கப்பலில் வந்து குடியேறிய வடக்கத்தியர்
தெருவைத்தான் அப்படி அழைத்தார்களாம்.
அடைக்க முடியாத ஒன்றுக்கு அந்தப் பெயர் என்பது
எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு ‘சேட்’.
ஆதியில் அது வயிறு நிறைந்தவன்,
போதும் போதும் என்று கையை மறித்தவன்.
நிறைந்தவன் கனத்தான்.
கனத்தவன் அசையாமல் உட்கார்ந்தான்.
அசையாத முகத்தைப் பார்த்தவர்கள்
அழப்போகிறான் என்று எண்ணிக்கொண்டார்கள்.
ஆயிரம் வருஷம் நடந்து
பந்தியிலிருந்து இழவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது
ஒரு சொல்.
வழியில் கொஞ்சம் களைத்து
என் மாவுத்தொட்டியில் இறங்கிவிட்டது போலும்.

ஆம்ப்ரோஸ் என்னை அழைப்பது ‘சில்லி’ என்று.
அதையும் கேட்டேன், சகோதரிகள் திரும்பிப் பார்க்க.
அது ஆசி பெற்றவள் என்று இருந்ததாம்.
ஆசி பெற்றவள் சூது அறியாதவள் ஆனாள்,
சூது அறியாதவள் பாவப்பட்டவள்,
பாவப்பட்டவளை மூளையில்லாதவள் என்று
திருத்தி எழுத
எவ்வளவு மை செலவாகும்?
புதன் காலை அவன் கத்தினான்:
“சில்லி, கணக்கில் நாலு ரொட்டி குறையுது!”
ஆமென், என்றேன்.

நேற்று அவள் கரும்பலகையில்
இரண்டு சொற்களைச் சாக்பீஸால் பிளந்தாள்.
லார்ட்: ரொட்டியைக் காப்பவன்.
லேடி: ரொட்டியைப் பிசைபவள்.
மாளிகை, முத்துமாலை, கையுறை,
தும்மும்போதும் வளையாத முதுகு,
எல்லாம் பிற்பாடு வந்து ஒட்டியவை.
அடியில் இருப்பது மாவு.
அதில் முழங்கைவரை ஒருத்தி.
நகத்தைப் பார்த்துக்கொண்டேன்.
பெவிஸ் எழுந்து என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.
எல்லோரும் சிரித்தோம்.

மூன்றாவதாக ஒன்றும் இருந்ததாம்,
ரொட்டியைத் தின்பவன்.
வேலையாளுக்குப் பெயர்.
அந்தச் சொல் செத்துவிட்டது என்று
மூக்கைச் சிந்தினாள் மிஸ் ஸ்கிப்வித்.

துக்க மாவைப் பன்றிக்கென்று ஒதுக்கினேன்.
புது மாவு, புது உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர்.
ஆறு மணிக்கு இறங்கி வந்தான்.
அடுப்பில் இன்னும் முதல் ஈடுதான்.
“தாமதம்,” என்றான். “சில்லி…”

கையை நீட்டினேன், மாவோடு.
“சாவி.”
“எதுக்கு?”
“காப்பதையும் நானே பார்த்துக்கறேன்.
செத்த சொல் ஒண்ணு கிடக்கு, ஆம்ப்ரோஸ்.
அதுக்கு ஆள் வேணும்.”

சிரித்தான்.
பிறகு, எதற்குச் சிரித்தோம் என்று தெரியாதவன் போல
நிறுத்தினான்.
சூடான ரொட்டியின் முனையை உடைத்து
நின்றபடியே தின்றான்.

பெவிஸ் கதவைத் தட்டும்போது
சாவி மேசையில்,
மாவுத் தூளில் பாதி அமிழ்ந்து கிடந்தது.
அவனும் எடுக்கவில்லை.
என் கை தொட்டிக்குள் இருந்தது.