ஆறாத நீர்

கோகு மழைக்கு இரண்டு நாள் முன்பே
ஹ்வாகே பள்ளத்தாக்குக்கு வண்டியை விட்டேன்.
பூசானிலிருந்து இரண்டரை மணி நேரம்.
செரிப்பூக்கள் உதிர்ந்து முடிந்து
சாலையோர ஓடையில் பழுப்பாய்க் கிடந்தன.
சோம்ஜின் ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று
சிப்பி அரித்துக்கொண்டிருந்தார்கள்.

வாங்கப் போவது தேயிலை.
விற்பவன் மெங் தோக்சு,
பதினோரு வருஷம் என் கணவன்.
இதைச் சொன்னால் கடைக்கு வருகிறவர்கள்
விலை கேட்க மறந்துவிடுவார்கள்.
சொல்வதில்லை.

இந்த முறை உறைபனி தாமதமாக வந்து
பாறை இடுக்குச் செடிகளில்
பாதி மொட்டைக் கருக்கிவிட்டது.
மழைக்கு முந்தின கொழுந்து
மொத்தமே மூன்று கிலோ.
கால்குலேட்டரில் ஓர் எண்ணைத் தட்டி
என் பக்கம் நகர்த்தினான்.
திருத்தி அவன் பக்கம் நகர்த்தினேன்.
குடும்பம் நடத்திய நாளிலும் நாங்கள்
இதைவிட அதிகம் பேசிக்கொண்டதில்லை.

கொட்டகையில் தியெப் இருந்தாள்.
மூன்று அடுக்குப் பருத்திக் கையுறை,
முழங்கை வரை வியர்வை.
இரும்புக் கொப்பரையில் கொழுந்து
படபடத்து அடங்குகிற நொடியில் அள்ளி
வைக்கோல் பாயில் கொட்டி உருட்டினாள்,
குளித்த குழந்தையின் தலையைத்
துவட்டுகிற மாதிரி.
நான் உருட்டினால் இலை கிழியும்.
"துணியா துவைக்கிறாய்?" என்பான் தோக்சு.
பதினோரு வருஷம் துவைத்தேன்.

தியெப் என்றால் அவள் மொழியில் இலை.
வியட்நாமில், தை ங்குயெனில்,
தேயிலைக் காட்டுக்கு நடுவே பிறந்தவள்.
என்னை அக்கா என்றாள்.
வேறென்ன கூப்பிடுவாள், பாவம்.

தோக்சு தொலைபேசியோடு வெளியே போனதும்
"குடித்துப் பார்க்காமலா வாங்குவீர்கள்?" என்று
கொதிக்கிற கெட்டிலைத் தூக்கி
நேரே இலைமேல் சாய்த்தாள்.

என் கை தானாக நீண்டது, தடுக்க.

நீரை முதலில் வாயகன்ற கிண்ணத்தில் ஊற்ற வேண்டும்.
கிண்ணத்தின் வயிற்றில் உள்ளங்கை வைத்து
பத்து எண்ணும்வரை தாங்க முடிந்தால்
அதுதான் பதம்.
அறுபத்தைந்து டிகிரி என்று
என் கடைச் சுவரில் எழுதியே மாட்டியிருக்கிறது.
ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுப்பதில்லை.
நான் ஆறப் பொறுப்பதையே
பிழைப்பாக வைத்திருக்கிறேன்.

"எங்கள் ஊரில் இப்படித்தான் அக்கா.
முதலில் துவர்க்கும்.
துப்பிவிடாதீர்கள்."

பழுக்காத சீமைப்பனிச்சையைக் கடித்ததுபோல்
நாக்கின் இரு ஓரமும் சுருங்கின.
கொப்பரைப் புகை. பாறையின் ஈரம்.
கருகிய மொட்டுகள்கூட அதில் இருந்தன,
இத்தனை வருஷமாய் நான் பக்குவமாக
ஒளித்துவைத்து விற்ற எல்லாமே.
பிறகு, எங்கேயோ அடித்தொண்டையில்,
கூப்பிடாமல் வந்து உட்கார்ந்தது ஓர் இனிப்பு.

தோக்சு திரும்பி வந்தான்.
ஆவியைப் பார்த்தான்.
"ஆறவே இல்லையே?"
"இல்லை" என்றோம்,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.
தியெப் சட்டென்று குனிந்து
பாயில் இல்லாத காம்பைப் பொறுக்கினாள்.

ஒரு கிலோ இருநூறு கிராம்,
அவன் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் நடுவில்.

கோகு அன்று பூசானில் சொன்னபடி மழை.
உறைகளில் சீட்டு ஒட்டினேன்.
ஊர், தேதி, எடை.
உருட்டியவர் என்ற இடத்தில் வருஷாவருஷம்
மெங் தோக்சு என்று எழுதுவது வழக்கம்;
நான் துவைத்த நாட்களிலும் அப்படித்தான்.
இந்த முறை தியெப் என்று எழுதினேன்.
இருபத்துநான்கு உறை.
எழுத எழுத கையெழுத்து நன்றாக வந்தது.

படம் பார்த்திருப்பான் போல.
ஷட்டரை இறக்கிவிட்டு, கிண்ணத்தை எடுக்காமல்,
கொதிநீரை அப்படியே ஊற்றி உட்கார்ந்தபோது
தொலைபேசி அடித்தது.

இன்னும் துவர்ப்பிலேயே இருக்கிறேன்.
அடிக்கட்டும்.