நூற்றுக்கு முப்பத்தெட்டு

அருவங்காட்டில், ரயில்பாதைக்கு மேல் சரிவில்,
இன்றைக்கு இது மூன்றாவது வீடு.
வீட்டுக்கு நானூற்றைம்பது ரூபாய் எனக்கு,
சாப்பாடு என் செலவு.

கேட்டுத் தூணில் சிமெண்டு எழுத்து:
இம்மட்டும், 1934.
முதல் ம்-மின் புள்ளியில்
ஒரு நத்தை.

படிவம் கேட்கிறது: வடிவமைத்தவர்?
தெரியவில்லை.
வாழ்ந்த பிரமுகர்?
வெடிமருந்து ஆலைத் தலைமைக் குமாஸ்தா
ஞா. தேவவரம்.
அந்தக் கட்டத்தில் கோடு போட்டேன்.
வரலாற்று நிகழ்வு?
ஒரு மார்கழியில் காட்டெருமை பின்கட்டுக்கு வந்து
ஊறப்போட்ட அரிசியைத் தின்றுவிட்டுப் போனதாம்.
எழுதவில்லை.

செங்கல். சுண்ணாம்புச் சாந்து. மங்களூர் ஓடு.
காவித் தரை, நடமாடிய இடங்களில் மட்டும் வெளுத்து.
புகைபோக்கி ஒன்று.
அதன் கணப்புக்குள் டி.வி.

"குறைச்சே போடுங்க" என்றார் ஜெபராணி,
டீயை வைத்தபடி.
"நாப்பது வந்தா பாரம்பரியம்னு
கை வைக்க விடமாட்டாங்களாமே.
அட்வான்ஸ் வாங்கியாச்சு.
தம்பி அடிலெய்டுலேருந்து தினம் போன்.
இடிச்சிட்டுப் பதினாறு ரூம் கட்டுவாங்க,
எல்லா ரூமுக்கும் மலை தெரியுமாம்."

குறைக்க வேண்டியதே இல்லைங்க,
முப்பத்தெட்டுதான் வருது.

சிரித்தார். படிவத்தை வாங்கினார்.
முந்தானையில் கண்ணாடியைத் துடைத்து
வரிவரியாக இறங்கிய விரல்
கடைசியில் நின்றது:
சிறப்பு ஏதுமில்லை. சாதாரணக் குடும்ப வீடு.

"சாதாரணமா?"

டீயில் ஆடை படிந்தது.
டார்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

"இந்தக் கல்லு காரமடைச் சூளை.
கல்லு விலை ஒரு பங்கு,
ரயிலேத்திக் கொண்டாந்த கூலி ரெண்டு பங்கு.
கணக்கு நோட்டு இருக்கு, காட்டவா?
ஒரு லோடு கூடுதலா வெந்து கறுத்துப்போச்சு,
எவனும் வாங்கலை.
பாதி விலைக்குப் பேசி வாங்கினார்.
அதான் சமையக்கட்டு மட்டும்
கருப்பட்டி நிறம்."

ஜன்னலுக்குக் கீழே, குனிந்தால் தெரியும்,
ஒரு கல்லில் ஆட்டுக் குளம்பு.
காயுமுன் மிதித்தது.
ரயிலேறி மலைக்கு வந்து
இதுவரை இறங்காத ஆடு.

குளியலறை மூலையில்
குண்டு நூலைத் தொங்கவிட்டேன்.
சுவர் முக்கால் அங்குலம் வெளியே.
"எழுபத்தெட்டு மழையில நகர்ந்தது.
மேல்வீடு மண்ணோட போச்சு.
இது கொஞ்சம் நகர்ந்து பார்த்துச்சு, நின்னுடுச்சு.
லைன் வீடுகள்லேருந்து,
சிலோன்லேருந்து வந்திருந்த சனம்,
முப்பத்தொரு பேர் அந்த ராத்திரி இந்த ஹால்ல.
ஒரு கன்னுக்குட்டியும்.
உங்க பேப்பருக்கு இது நிகழ்வு இல்லியா?"

எழுதினேன். ஒரு மதிப்பெண்.
குளம்புக்கு ஒன்று.
கறுத்த சுவருக்கு,
என் தோளுக்கு மேல் அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க,
ஒன்று.

நாற்பத்தொன்று.

கீழே வளைவில் மலைரயில் கூவியது.
பத்து நிமிஷம் லேட்டு என்றார்,
யாரும் கேட்காமலே.
டார்ச் அணைக்கப்படாமல்
தரையின் வெளுத்த தடத்தில் எரிந்தது.

"பென்சில்தானே?"

பென்சில்தான்.
சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்து
டி.வி.க்கு மேல், கணப்பின் பலகையில் வைத்தேன்.
கல்யாண போட்டோவுக்கும்
மின்கட்டண ரசீதுக்கும் நடுவில்.
அவர் அதை எடுக்கவில்லை.
நானும் எடுக்கவில்லை.
அடிலெய்டிலிருந்து போன் அடித்தது,
அதையும்.

ஆறிய டீயைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.
தூறல்.
கேட்டைச் சாத்தும்போது பார்த்தேன்:
நத்தை
ட்-டுக்கு வந்திருந்தது.